காரணமான வண்டியின் எண்

ஆற்றுக்கு அடியில் போகும் சுரங்கச் சாலையின் வாயிலில் அவளுக்குப் பதினொரு வருட வேலை. சிவப்பும் வெள்ளையும் பூசிய தடுப்புக் கம்பத்தை ஏற்றுவாள், இறக்குவாள். ஏற்றும்போது யாரும் அவளைக் கவனிப்பதில்லை. இறக்கும்போது அவளுடைய அம்மாவும் அப்பாவும் அவர்களுக்கு முந்தியவர்களும் தெருவுக்கு இழுக்கப்படுவார்கள். ஓட்டுநர்கள் அவளுக்கு வைத்த பெயர் தாழ்ப்பாள். அது அவள் காதுக்கு வந்து சேர ஒரு மாதம் ஆயிற்று. வந்ததும் பிடித்துப்போய்விட்டது. வீட்டில் சொன்னாள்.

"பொருத்தமான பேருதான்" என்றார் அவள் கணவர். "என்ன, உன் வாய்க்கு மட்டும் போட்டுக்க மாட்டேங்கற."

அவர் தையல்காரர். முன்னறையில் வெட்டு மேசை, பின்னறையில் குடித்தனம். இருவருக்கும் ஒரே மகள், கல்யாணமாகி வேறு ஊரில் இருந்தாள்.

வாயிலுக்கு வருவதற்கு முன் அவள் சுரங்கத்தின் சுவர் கழுவுகிறவளாக இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் சுரங்கத்தை மூடிவிட்டு, இரண்டு கிலோமீட்டர் வெள்ளை ஓட்டிலும் படிந்த கரியைப் பத்துப் பெண்கள் சோப்புத் தண்ணீர் போட்டுத் தேய்ப்பார்கள். ஒன்பது வருடம் தேய்த்தாள். உள்ளே அடிக்கடி நெரிசல் வரும் என்று ஊருக்கே தெரியும். வண்டிகள் ஏதாவது ஒரு இடத்தில் வழக்கமாக நின்றால் அந்த இடத்துச் சுவர் கூடுதலாகக் கறுத்திருக்க வேண்டும். அப்படி ஓர் இடம் இல்லை. வளைவில் இல்லை, மேட்டில் இல்லை. கரி எங்கும் ஒரே கனத்தில் இருந்தது. அப்போது அது அவளுக்கு ஒரு விஷயமாகத் தோன்றவில்லை. தேய்ப்பதற்கு எங்கும் சமமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

பிறகு வாயிலுக்கு மாற்றினார்கள். தகரக் கூண்டு, முக்காலி, ஒரு டெலிபோன், சுரங்கத்தின் உட்புறத்தைக் காட்டும் மூன்று திரைகள். கையில் அழுத்தி எண்ணும் சின்னக் கருவி ஒன்று. வண்டி ஒன்று உள்ளே போனால் கட்டைவிரலால் ஒரு அழுத்து. ஒரே ஒரு தடம், முந்த முடியாது. முதல் இரண்டு வருடம் எண்ணச் சொன்னார்கள் என்பதற்காக எண்ணினாள். மூன்றாவது வருடம் அவளுக்கே ஓர் ஆர்வம் வந்தது.

நிமிடத்துக்கு இருபத்தெட்டு வண்டி விட்டால் சுரங்கம் இருபத்தெட்டையும் மறுமுனையில் துப்பிவிடுகிறது. முப்பத்திரண்டு விட்டால் முப்பத்திரண்டையும் துப்புகிறது. பத்து நிமிடம், இருபது நிமிடம், சில நாள் ஒரு மணி நேரம்கூட. பிறகு எதுவும் உடையாமல், எதுவும் மோதாமல் உள்ளே ஒரு கட்டி பிடித்துக்கொள்கிறது. எங்கே பிடிக்கும் என்று சொல்ல முடியாது. வண்டிகள் முன்னால் ஊர்ந்துகொண்டிருக்க, கட்டி மட்டும் பின்னால், வாயிலை நோக்கி நகர்ந்து வருகிறது. அது பிடித்தபின் மறுமுனையில் சாலை காலியாகக் கிடந்தாலும் நிமிடத்துக்கு இருபத்திரண்டுக்கு மேல் வெளியே வருவதில்லை. அப்போது பதறிப்போய் இருபத்தெட்டுக்குக் குறைத்தாலும் பயனில்லை. பதினைந்துக்கு இறக்கிவிட்டுப் பொறுமையாக இருந்தால்தான் கரைகிறது. நான்கு வண்டி கூடினால் நான்கு வண்டிக்கான தாமதம் என்றுதான் அலுவலகத்தில் நினைத்தார்கள். சுரங்கம் அப்படி நடந்துகொள்ளவில்லை. குளிர்ந்துகொண்டே வரும் தண்ணீர் கடைசிவரை தண்ணீராகவே இருந்துவிட்டு, ஒரு தட்டுத் தட்டினால் பனிக்கட்டியாகிவிடுவதைப்போல நடந்துகொண்டது.

அதனால் அவள் எண்ணிக்கை இருபத்தெட்டைத் தாண்டும்போது கம்பத்தை இறக்கினாள். சில விநாடிதான். எதிரே சாலை வெறிச்சென்று தெரியும்போது வண்டிகளை நிறுத்திவைப்பது எவ்வளவு பெரிய குற்றம் என்பதை அப்போது கற்றுக்கொண்டாள்.

கற்றுக்கொடுத்தவர்களில் முதலிடம் ஒரு தண்ணீர் லாரி ஓட்டுநருக்கு. அவனுக்கு அவள் வைத்த பெயர் ஹாரன். கம்பம் இறங்க ஆரம்பிக்கும் முன்பே அடிக்கத் தொடங்கி, ஏறி முடித்தபின்தான் விடுவான்.

"முன்னால ஒரு ஈ காக்கா இல்ல. யாருக்குக்கா வழி விடறே, ஆவிக்கா?" என்று கத்துவான்.

"உனக்குத்தான். உள்ள போய் நிக்கறதுக்கு இங்கயே நில்லு. காத்தாவது வரும்" என்பாள் அவள்.

நெரிசல் வந்த நாட்களில் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். தேதி, நேரம், நீடித்த காலம். நான்காவது கட்டத்தில் "நெரிசலுக்குக் காரணமான வண்டியின் எண்" என்று இருக்கும். அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால் படிவம் திரும்பி வரும். வழக்கம் என்னவென்றால், கேமராப் படத்தைப் பின்னோக்கி ஓட்டிப் பார்த்து, எந்த வண்டியின் பின்விளக்கு முதலில் சிவந்ததோ அதன் எண்ணை எழுதிவிடுவது. எப்போதும் ஏதாவது ஒரு பின்விளக்கு முதலில் சிவக்கத்தான் செய்யும். அந்த ஓட்டுநருக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் போகும். அவன் அதைக் கிழித்துப் போடுவான். யாருக்கும் பெரிய நஷ்டம் இல்லை. அவளும் எழுதினாள்.

புதிய மேலாளர் வந்தபின் வாயிலுக்கு வெளியே நிற்கும் வரிசையைப் பற்றிப் புகார்கள் அவர் மேசைக்குப் போயின. ஒரு திங்கட்கிழமை காலை ஏழே முக்காலுக்கு டெலிபோன் அடித்தது.

"அம்மா, கம்பத்தை ஏத்தியே வைங்க. ரோடு காலியா இருக்கு, திரையில பாக்கறேன்."

"இருபத்தெட்டுக்கு மேல போகுது சார். விட்டா உள்ள கட்டிக்கும்."

"கட்டட்டும், அவிழ்த்துக்கலாம். ஏத்துங்க. நான் சொல்றேன்."

அவள் ஏற்றினாள். முப்பத்திரண்டு, முப்பத்துமூன்று என்று போயிற்று. நாற்பது நிமிடம் ஒன்றும் ஆகவில்லை. மேலாளர் மறுபடி கூப்பிட்டு, "பாத்தீங்களா" என்றார். அவர் டெலிபோனை வைத்த ஐந்தாவது நிமிடம், இரண்டாவது திரையில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. அதன் பின்னால் இன்னொன்று. பிறகு திரை முழுவதும் சிவந்தது. சுரங்கத்துப் புகையை வெளியே தள்ளும் காற்றாடிகளில் ஒன்று அன்று ஓடவில்லை. இரண்டு மணி நேரம் புகைக்குள் உட்கார்ந்திருந்தவர்களில் மூன்று பேர் மயங்கி, ஒருவர் ஆஸ்பத்திரியில் பத்து நாள் கிடந்தார். செய்தித்தாளில் வந்தது. எச்சரிக்கைக் கடிதத்தோடு முடிகிற விஷயமாக இது இருக்கவில்லை.

முதலில் சிவந்தது ஹாரனின் லாரி. அவனுடைய உரிமத்தை அன்றே வாங்கி வைத்துக்கொண்டார்கள். விசாரணையில் குற்றம் உறுதியானால் அது ஒரேயடியாக ரத்தாகும். அதற்கு வாயிலில் பணியில் இருந்தவர் நிரப்பிக் கையெழுத்திட்ட படிவம் வேண்டும். நான்காவது கட்டத்தை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் அவள் நிரப்பி வைத்திருந்தாள்.

புதன்கிழமை ஹாரன் கூண்டுக்கு நடந்து வந்தான். லாரி இல்லாமல் அவன் இவ்வளவு சின்ன ஆள் என்று அவளுக்குத் தெரியாது.

"நடந்து வந்தாலும் தடுப்பு போடுவியா?"

"உள்ள வா. வெயில்ல நிக்காத."

அவன் உள்ளே வரவில்லை. "நம்பர் எழுதப் போறது நீதானாம். ப்ரேக் மேல கால் வெச்சேன், இல்லேங்கல. பின்னால பத்தாயிரம் லிட்டர் தண்ணி ஆடுது. முன்னால இடம் விட்டுத்தான் ஓட்டுவேன். அந்த இடத்துல ஒருத்தன் வண்டிய மெதுவாக்கினான். வைக்கலைன்னா அவன் மேல ஏறியிருப்பேன்."

"தெரியும்."

"தெரியுமா? எப்பலேர்ந்து தெரியும்?" அவன் குரல் உயரவில்லை. "என் மச்சானுக்கு நாலு வருஷம் முன்னாடி ஒரு கடுதாசி வந்துச்சு. அவனும் இதே மாதிரி சும்மா ப்ரேக்தான் தொட்டான். கீழ உன் கையெழுத்து. வேலைக்குப் போன இடத்துலல்லாம் அதோட நகல எடுத்துக் காட்டி வேண்டாம்னுட்டாங்க. அப்ப தெரியலையாக்கா?"

அவள் பதில் சொல்வதற்குள் ஒரு பேருந்து வந்தது. கட்டைவிரல் தானாக அழுத்தியது. திரும்பிப் பார்த்தபோது அவன் போய்க்கொண்டிருந்தான்.

அன்று மதியம் அவள் பழைய படிவங்களின் நகல் கட்டை எடுத்து எண்ணினாள். அவள் கையெழுத்தில் நூற்று முப்பத்துநான்கு எண்கள் இருந்தன.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு கணவரிடம் சொன்னாள். அவர் கால்சட்டை ஒன்றின் மடிப்பைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"யாராவது ஒருத்தன் ஆரம்பிச்சிருக்கணும்ல" என்றார். "சும்மா எப்படி நிக்கும்?"

"சும்மாதான் நிக்கும். பொத்தான் டப்பாவ எடுங்க."

வெட்டு மேசையின் விளிம்பைச் சுற்றிச் சாக்கட்டியால் அறுபது கட்டம் போட்டாள். இருபது பொத்தான்களுக்குப் பேனாவால் எண் எழுதி, மூன்று கட்டத்துக்கு ஒன்றாக வைத்தாள். ஒரு சுற்றுக்கு ஒவ்வொரு பொத்தானும் இரண்டு கட்டம் நகரும். முன்னால் இடம் ஒரு கட்டம்தான் என்றால் ஒன்று நகரும். இடமே இல்லையென்றால் நிற்கும். நின்ற பொத்தான் கிளம்ப ஒரு சுற்று தாமதமாகும், மனிதர்களுக்கு ஆவதைப்போல. இருபது சீட்டில் எண் எழுதிச் சுருட்டி இன்னொரு டப்பாவில் போட்டு, சுற்றுக்கு ஒன்று எடுக்க வேண்டும். சீட்டில் வந்த பொத்தான் அந்தச் சுற்றில் மட்டும் ஒரு கட்டம் குறைவாக நகரும். தும்மினான், கண்ணாடியைத் துடைத்தான், எதுவோ ஒன்று. எடுத்த சீட்டு மறுபடி டப்பாவுக்குள்.

பத்துப் பன்னிரண்டு சுற்று ஒழுங்காகப் போயிற்று. பிறகு மேசையின் ஒரு மூலையில் நான்கு பொத்தான்கள் முட்டிக்கொண்டு நின்றன. முன்னால் இருந்தவை கிளம்ப, பின்னால் வந்தவை சேர்ந்தன. கூட்டம் மேசையைச் சுற்றிப் பின்பக்கமாக நகர ஆரம்பித்தது.

"ஏழாம் நம்பர்" என்றார் கணவர். "அதுதான் மொதல்ல தயங்குச்சு. பாத்துட்டேன்."

"அத எடுத்துட்டு வேற போடுங்க."

அவர் ஏழை எடுத்துவிட்டு ஒரு கோட்டுப் பொத்தானை வைத்தார். இந்த முறை பதினாறில் பிடித்தது. பதினாறை மாற்றினார். மூன்றில் பிடித்தது. அவருக்குக் கோபம் வந்துவிட்டது. கால்சட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டு நாற்காலியை இழுத்துக்கொண்டு உட்கார்ந்தார். மூன்றரை மணிக்குப் பொத்தான்களைப் பன்னிரண்டாகக் குறைத்தார்கள். சீட்டுக்குச் சீட்டு ஏதாவது ஒன்று தயங்கிக்கொண்டேதான் இருந்தது. பின்னால் வந்தது நெருங்குவதற்குள் இடைவெளி அதை விழுங்கிவிட்டது. ஒரு மணி நேரம் ஆடியும் இரண்டு பொத்தான் ஒட்டி நிற்கவில்லை.

"அட" என்றார் அவர். "தப்பு பொத்தான்ல இல்ல. டப்பாலேர்ந்து எத்தனை எடுத்து வெச்சோம்கறதுல இருக்கு."

"நூத்தி முப்பத்தி நாலு நம்பர் எழுதியிருக்கேங்க."

"தெரியாம எழுதின."

"பாதி தெரியாம" என்றாள்.

அவர் சாம்பல் நிற லைனிங் துணி ஒன்றை எடுத்து, சிவப்பு நூலில் அறுபது கட்டம் தைக்க ஆரம்பித்தார்.

அலுவலகத்தின் இரண்டாவது மாடியில் விசாரணை நடந்தது. மூன்று பேர் குழு. தலைவி, ரயில்வேயில் ஓய்வுபெற்ற ஓர் அம்மாள். ஒரு பொறியாளர், ஒரு போலீஸ் அதிகாரி. ஹாரன் ஓரத்தில் சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். உள்ளே கூப்பிடுவதற்கு முன் மேலாளர் அவளைப் படிக்கட்டுப் பக்கம் அழைத்துப் போனார்.

"ஒரு நம்பர்மா. இத்தனை வருஷம் எழுதினதுதான. எழுதிட்டா உங்க மேல ஒண்ணும் வராது."

"எழுதலைன்னா?"

"கம்பத்தை ஏத்தி வெச்சது யாருன்னு கேப்பாங்க."

"கேக்கட்டும் சார். ரெண்டு பேருக்குமே பதில் தெரியுமே."

உள்ளே போனதும் அவள் பையிலிருந்து துணியை எடுத்து மேசைமேல் விரித்தாள்.

"இது விளையாட்டுக் கூடம் இல்லம்மா" என்றார் மேலாளர்.

"எவ்வளவு நேரம் ஆகும்?" என்று தலைவி கேட்டார்.

"உள்ள மாட்டினவங்க ரெண்டு மணி நேரம் இருந்தாங்க மேடம். இது அரை மணி நேரம்."

தலைவி கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். சீட்டு டப்பா போலீஸ் அதிகாரியிடம் போயிற்று. பொறியாளர் பொத்தான்களை நகர்த்தினார். முதலில் இரண்டு விரலால், அருவருப்பாக. பத்துச் சுற்றுக்குப் பிறகு முழங்கையை ஊன்றிக்கொண்டார். பதினெட்டாவது சுற்றில் கட்டி பிடித்தது.

"பதினொண்ணு" என்றார் போலீஸ் அதிகாரி உடனே. தொழில் பழக்கம்.

"பதினொண்ணுக்கு உரிமம் ரத்து சார். எடுத்து வெளிய வைங்க. வேற பொத்தான் போட்டு ஆடுவோம்."

இரண்டாம் முறை நான்கு. அதற்கும் உரிமம் ரத்து. மூன்றாம் முறை அவர் எண்ணைச் சொல்லாமல் சும்மா இருந்தார். பிறகு அவள் எட்டுப் பொத்தான்களைப் பொறுக்கிப் பைக்குள் போட்டாள். மீதிப் பன்னிரண்டும் துணியைச் சுற்றி ஓடிக்கொண்டே இருந்தன. பொறியாளர் வேண்டுமென்றே ஒன்றை மூன்று சுற்றுத் தயங்கவைத்துப் பார்த்தார். பின்னால் வந்த இரண்டு மெதுவாகி, மறுபடி வேகம் பிடித்தன.

"இதெல்லாம் பொத்தான்" என்றார் மேலாளர். "மனுஷன் பொத்தான் இல்ல."

"அதத்தான் நானும் சொல்றேன் சார். பொத்தானுக்கே இந்தக் கதி. மனுஷனுக்குக் கொட்டாவி வேற வருது."

ஹாரன் குனிந்து வாயைப் பொத்திக்கொண்டான்.

"அன்னிக்கு நாப்பது நிமிஷம் நல்லாத்தான ஓடுச்சு?" பொறியாளர் கேட்டார். மேலாளர் கேட்டிருக்க வேண்டிய கேள்விதான் என்றாலும் பொறியாளருக்கும் அது உறுத்தியது.

"ஓடும் சார். விளிம்பு வரைக்கும் ஊத்தின டம்ளரும் சிந்தாம நிக்கத்தான் செய்யும். யார் மேசையைத் தொட்டதுன்னு அப்புறம் தேடறதுல என்ன இருக்கு? அதுக்கு முந்தின செவ்வாய்க்கிழமை படத்தைப் போட்டுப் பாருங்க. இதே லாரி, இதே ஆளு, இதவிட அழுத்தமா ப்ரேக் போட்டிருக்கான். அன்னிக்கு இருபத்தேழு விட்டிருந்தேன். பின்னால மூணு வண்டி மெதுவாச்சு, அவ்வளவுதான்."

படத்தைப் போட்டார்கள். அவள் சொன்னதுதான் இருந்தது.

தலைவி படிவத்தை அவள் பக்கம் நகர்த்தினார். "எல்லாம் சரிம்மா. இந்தக் கட்டத்துல எதாவது இருக்கணும். காலியா இருந்தா இதைக் கோப்புல சேர்க்க முடியாது."

அவள் பேனாவை வாங்கினாள். கட்டம் சின்னது. ஒரு வண்டி எண் எழுதுகிற அளவுக்குத்தான் இடம். கட்டத்தை மீறிப் பக்கவாட்டில் எழுதினாள்:

"வண்டி எதுவும் இல்லை. நிமிடத்துக்கு 33 உள்ளே விடப்பட்டது. விடச் சொன்னவர் மேலாளர். விட்டவள் நான். இதற்கு முன் இந்தக் கட்டத்தில் நான் எழுதிய 134 எண்களும் தவறு. அவற்றையும் ரத்து செய்யவும்."

கையெழுத்திட்டாள். மேலாளர் எட்டிப் பார்த்து, "கடைசி வரி இந்த விசாரணைக்குச் சம்பந்தம் இல்லாதது" என்றார்.

"எனக்குச் சம்பந்தம் உண்டு."

தலைவி படிவத்தை இரண்டு முறை படித்தார். அதை மடிக்கவில்லை. கோப்பின் உள்ளே வைத்து மூடினார்.

ஐந்து வாரம் கழித்து ஹாரனுக்கு உரிமம் திரும்பி வந்தது. அதைக் காட்டுவதற்காக அவன் லாரியை வாயிலில் ஓரங்கட்டினான். நன்றி சொல்வான் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

"அன்னிக்கு நீ கம்பத்தை ஏத்தாம இருந்திருந்தா எனக்கு இந்த அஞ்சு வாரம் போயிருக்காது."

"அதையும்தான் எழுதிக் குடுத்திருக்கேன்."

"என் மச்சான் பேரையும் எடுத்துடுவாங்களா?"

"எடுக்கற வரைக்கும் விட மாட்டேன். நம்பர் என் கிட்ட இருக்கு."

நூற்று முப்பத்துநான்கில் நாற்பத்தொன்றை எடுத்ததாக அதுவரை கடிதம் வந்திருந்தது. மீதிக்கு அவள் வாரம் ஒரு மனு அனுப்பிக்கொண்டிருந்தாள். புதிதாக அச்சடித்து வந்த படிவத்திலும் நான்காவது கட்டம் அப்படியே இருந்தது. அதில் அவள் குறுக்கே ஒரு கோடு போட்டு அனுப்பினாள். திரும்பி வந்தது. மறுபடி கோடு போட்டு அனுப்பினாள்.

அந்த மாதக் கடைசியில் மேலாளரிடமிருந்து பழுப்பு உறையில் ஒரு குறிப்பாணை வந்தது. அவள் தொடர்ந்து கம்பத்தை இறக்கி வண்டிகளை நிறுத்துவதாகவும், இது கம்பத்தை ஏற்றியே வைக்கச் சொல்லி அந்த மாதம் தாம் அனுப்பிய எழுத்துமூலமான உத்தரவை மீறுவது என்றும், அவள்மேல் ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்பதை ஏழு நாட்களுக்குள் விளக்க வேண்டும் என்றும் இருந்தது.

கணவர் வாசித்துவிட்டு மேசைமேல் வைத்தார். "வேலை போனா போகட்டும். பொத்தானுக்குக் காஜா எடுக்க எனக்கு ஆள் வேணும்."

"நீங்க சொல்ற மாதிரி காஜா எடுக்க என்னால முடியாது. அங்கயே இருக்கேன்."

அவள் வெட்டு மேசையின் ஓரத்தில் உட்கார்ந்து பதில் எழுதினாள். இரண்டு தாளைக் கிழித்துப் போட்டாள். மூன்றாவது தாளில் நான்கே வரி வந்தது. உறையில் போடுவதற்கு முன் கணவர் அதை வாங்கிப் பார்த்தார்.

"ஐயா, தங்கள் குறிப்பாணை கிடைத்தது. நடவடிக்கை எடுப்பதற்கு முன் ஒரு காலை வாயிலில் என்னோடு நின்று எண்ணிப் பார்க்கவும். ஏழரை மணிக்கு வரவும். கூண்டில் ஒரு முக்காலிதான் இருக்கிறது, அதில் நான் உட்காருவேன். தாங்கள் நிற்க வேண்டியிருக்கும், குடை கொண்டுவரவும்."

"குடையெல்லாம் எழுதணுமா?" என்றார்.

"பின்ன? பத்து மணி வரைக்கும் வெயில் நேரா முகத்துல அடிக்கும். அவருக்குப் பழக்கம் கிடையாது" என்று சொல்லிவிட்டு உறையை நாக்கால் ஈரப்படுத்தி ஒட்டினாள்.